பள்ளிக்கூடத்தில் ஒரு பூகம்பம்

1934-ம் வருஷம் ஜனவரி மாதம் 15-ந் தேதி, பிற்பகல் இரண்டேகால் மணிக்குச் சற்று முன்னதாக, பீகாரையும் நேபாளத்தையும் பூகம்பம் உலுக்கியது. மோங்கீர், முஜபர்பூர் முதலிய பட்டணங்கள் சில நிமிஷங்களில் செங்கற் குவியல்களாயின. பீகாரில் 7,000 பேருக்கு மேலும், நேபாளத்தில் சுமார் 8,500 பேரும் மாண்டனர். மகாத்மா காந்தி அப்பொழுது ஹரிஜன யாத்திரையை முன்னிட்டு நமது நாட்டில்தான் இருந்தார். அம்மாதம் 24-ந் தேதி திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாபத்துக்குக் கடவுள் அளித்த தண்டனையே இப்பூகம்பம் என்று அவர் கூறினார். கவி ரவீந்திரநாத் தாகூர் இதை வன்மையாக ஆட்சேபித்தார். ஜட உலகத்து நிகழ்ச்சிக்கு ஜட உலகத்திலேயே காரணம் தேட வேண்டும் என்பது கவியின் வாதம். அந்த ஆட்சேபத்தைக் காந்தியடிகள் தமது ‘ஹரிஜன்’ பத்திரிகையிலேயே பிரசுரித்து, அதற்குப் பதிலும் எழுதினார். கருத்து மாறுபாட்டை அவ்வளவு கௌரவமாக நடத்திய தலைவர்கள் நமக்கு வாய்த்திருந்தார்கள்.

தீண்டாமை பெரும்பாபம் என்பதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும் இவ்வொரு விஷயத்தில் நாம் தாகூரின் கட்சியைச் சேர்ந்தவர்கள். மோங்கீரில் இடிந்து விழுந்த கூரை, தீண்டியவனையும் தீண்டப்படாதவனையும் பிரித்துப் பார்த்து விழவில்லை. அவ்விரு பெரியாரும் விவாதித்த கேள்வியைவிட நமக்கு இன்று அதிகம் பயன்படக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. எந்த வீடு விழுந்தது? எந்த வீடு நின்றது? ஏன்? நியாயஸ்தலத்தில் ஒரு மரணத்தை விசாரிக்கும்பொழுது, இறந்தவனுடைய பூர்வ ஜன்மத்தை யாரும் விசாரிப்பதில்லை. எந்த ஆயுதம், எந்தக் கை என்றுதான் விசாரிப்பார்கள். பூகம்பத்தில் ஆயுதம் பெரும்பாலும் சுவரும் கூரையும். கை, அவற்றைக் கட்டிய கை.

இந்த விசாரணையைப் பள்ளிக்கூடத்திலேயே, பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுவர் சிறுமியரைக் கொண்டு நடத்த முடியும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம். அமெரிக்காவில் 2013-ம் வருஷம் வெளியிடப்பட்ட விஞ்ஞானக் கல்வித் திட்டத்தில், இயற்கை அபாயங்களின் சேதத்தைக் குறைக்கும் வழிகளைக் குழந்தைகளே வகுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது நாலாம் வகுப்புக்குரிய பாடமாக வைக்கப்பட்டிருக்கிறது. பூகம்பத்தைத் தாங்கும் கட்டடம் அதற்கு உதாரணமாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் சர்வகலாசாலையாரும் தைவான் தேசத்துப் பூகம்பப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தாரும் மாணாக்கர்களுக்குப் போட்டியே ஏற்படுத்தினார்கள். மெல்லிய மரக்குச்சி, காகிதம், நூல், பசை ஆகியவற்றால் பல மாடிக் கட்டடம் ஒன்றைச் செய்து, அதை ஆடும் மேஜையின்மேல் ஏற்றி, விழும்வரை ஆட்டுவார்கள். குறைந்த எடையில் அதிக ஆட்டத்தைத் தாங்கியதே ஜயித்தது. அழகுக்கு அங்கே முதற்பரிசு கிடையாது.

நமது பள்ளிகளில் நடப்பது என்ன? ‘பேரிடர் மேலாண்மை’ என்று ஒரு பாடம் இருக்கிறது. பூகம்பம் என்றால் என்ன என்பதற்கு நாலு வரி. அப்பொழுது செய்ய வேண்டியவை ஐந்து, செய்யக் கூடாதவை ஐந்து. மாணவன் இவற்றை நெட்டுருப் பண்ணி எழுதி மார்க்கு வாங்கிவிடுகிறான். தான் உட்கார்ந்து எழுதும் அறையின் சுவர் எதனால் ஆனது, அதன்மேல் எத்தனை எடை நிற்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும்படி யாரும் அவனைக் கேட்டதுமில்லை. இது உபாத்தியாயர்களின் குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. பரீக்ஷை என்றால் காகிதத்தின்மேல் எழுதுவது என்று தேசம் முழுவதும் முடிவு செய்துவிட்ட பிறகு, அவர்கள்தாம் என்ன செய்வார்கள்?

இதற்கு வேண்டிய சாதனங்களோ மிகச் சொற்பம். இரண்டு பலகைகள், அவற்றின் நடுவே உருளப் பத்துப் பன்னிரண்டு கோலிக் குண்டுகள், மேற்பலகையை நான்கு மூலையிலும் கீழ்ப்பலகையோடு இழுத்துப் பிடிக்க ரப்பர் வளையங்கள். ஆடும் மேஜை தயார். மேற்பலகையின் ஓரத்தில் அளவுகோல் ஒன்றை ஒட்டிவிட்டால் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று பார்க்கலாம். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினால் விநாடிக்கு எத்தனை முறை என்பது தெரியும். வீடு கட்டுவதற்குத் துடைப்ப ஈர்க்கு, மூங்கிற் சிம்பு, நூல், அட்டை, தீப்பெட்டியளவு வார்த்து வெயிலில் உலர்த்திய களிமண் கற்கள். இவை கிடைக்காத கிராமம் தமிழ் நாட்டில் இல்லை.

இந்த எளிய மேஜையிலேயே கணிதமும் பௌதிகமும் வந்து சேர்ந்துவிடுகின்றன. பலகை இப்புறம் ஒரு சென்டிமீட்டர், அப்புறம் ஒரு சென்டிமீட்டர் என்று விநாடிக்கு மூன்று முறை ஆடினால், வீட்டைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகும். ஆட்டத்தின் தூரத்தை இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும். வேகத்தை இரட்டித்தாலோ விசை நான்கு மடங்காகும். ஏட்டில் மாணவனைக் கொட்டாவி விடச் செய்யும் அதே சூத்திரம், தான் கட்டிய வீடு கண்முன் சரியும்பொழுது அவனுக்கு மறக்காது.

முதற் பரிசோதனை வீட்டைப் பற்றியதாகக்கூட இருக்க வேண்டியதில்லை. நீளம் வேறுபட்ட மூன்று மூங்கிற் பிளாச்சுகளை ஒரே பலகையில் நிறுத்தி, உச்சியில் ஒரே அளவான களிமண் உருண்டைகளைப் பொருத்தி ஆட்டிப் பார்க்கட்டும். மெதுவாக ஆட்டினால் நெடியது மாத்திரம் தலைவிரித்தாடும். குட்டையானது சும்மா நிற்கும். விரைந்து ஆட்டினால் குட்டையானது துடிக்கும். நெடியது ஏறக்குறைய அசையாது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளுகிறவன் சிறு பிள்ளையானாலும் ஊஞ்சல் உத்தரத்தைத் தொடும் அல்லவா? ஒவ்வொரு கட்டடத்துக்கும் அவ்வாறே சொந்தத் தாளம் ஒன்று உண்டு. மாடி ஒன்றுக்கு விநாடியில் சுமார் பத்தில் ஒரு பங்கு என்பது பொறியாளர்கள் கைக்கணக்காக வைத்துக்கொள்ளும் அளவு.

1985-ம் வருஷம் செப்டம்பர் 19-ந் தேதி மெக்ஸிகோவில் நடந்தது இதற்குப் பெரிய சாட்சியம். பூகம்பம் பிறந்தது பசிபிக் கரையோரத்தில். தலைநகரமோ முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் அந்நகரத்தின் ஒரு பகுதி பழைய ஏரிப் படுகையின்மேல் எழுந்தது. அந்தச் சேற்று நிலம் சுமார் இரண்டு விநாடிக்கு ஒரு முறை அசையும் தாளத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பன்மடங்காகப் பெருக்கியது. ஆறு முதல் பதினைந்து மாடி வரையுள்ள கட்டடங்கள் அத்தாளத்துக்கு அகப்பட்டு அதிகமாய் அழிந்தன. அதே ஏரிப் படுகையின்மேல், 1956-ல் முடிக்கப்பட்ட நாற்பத்து நான்கு மாடிக் கோபுரம் நின்றது. உயரமே அபாயம் என்று நினைக்கும் பாமர அபிப்பிராயம் மூன்று மூங்கிற் பிளாச்சிலேயே உடைந்துபோகும்.

இனி வீட்டுக்கு வருவோம். உலர்ந்த சிறு கற்களைச் சேறு வைத்து அடுக்கி, நான்கு சுவரும் ஒரு வாயிலும் உள்ள வீடுகள் இரண்டை மாணாக்கர் கட்டட்டும். இரண்டிலும் கல் ஒன்று, சேறு ஒன்று, அளவும் ஒன்று. ஒன்றில் மாத்திரம் அடித்தளத்தின்மேல் ஒரு சுற்று, வாயில் நிலைக்கு மேலே ஒரு சுற்று, கூரைக்குக் கீழே ஒரு சுற்று என்று மூங்கிற் சிம்பினால் பட்டை கட்டி மூலைகளை முடிச்சிட வேண்டும். இரண்டையும் ஒரே பலகையில் வைத்து ஆட்டினால், பட்டையில்லாத வீட்டின் மூலைகள் முதலிற் பிளக்கும். பிறகு நீளச் சுவர் வெளிப்புறம் சாய்ந்து விழும். கூரை உள்ளே இறங்கும். மற்றது விரிசல் கண்டாலும் நிற்கும். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏன் போடுகிறார்கள் என்று அறிந்த கிராமத்துப் பையனுக்கு இதை விளக்கவும் வேண்டியதில்லை.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளிவிடுகிறவர்கள் நேபாளத்தின் கதையைக் கேட்க வேண்டும். அங்கே பூகம்பத் தொழில்நுட்பச் சங்கத்தார் 1997 முதல் பள்ளிக் கட்டடங்களைப் பலப்படுத்தும் வேலையில் இறங்கினார்கள். கொத்தனார்களையும் கிராமத்தாரையும் வாய்ப்பேச்சால் நம்பவைக்க முடியாதென்று கண்டு, சந்தியில் ஆடும் மேஜையை வைத்து, பட்டையுள்ள வீடு ஒன்றையும் இல்லாத வீடு ஒன்றையும் ஜனங்கள் முன்னிலையில் ஆட்டிக் காட்டினார்கள். நூறு பிரசங்கம் செய்யாததை அந்த மேஜை செய்தது. 2015-ம் வருஷம் ஏப்ரல் 25-ந் தேதி முற்பகலில் பூகம்பம் வந்து ஏறக்குறைய 9,000 பேரைப் பலிகொண்டபொழுது, ஆயிரக்கணக்கான பள்ளிகள் இடிந்தன. காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் பலப்படுத்தப்பட்டிருந்த பள்ளிகள் நின்றன. அன்று சனிக்கிழமை, நேபாளத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை நாள். அது வேறொரு நாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவும் மனம் கூசுகிறது.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2005-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி காஷ்மீரத்தில் பூமி அதிர்ந்தது பள்ளி நேரத்தில். எல்லைக்கு அப்புறம் பல்லாயிரம் குழந்தைகள் வகுப்பறைகளிலேயே நசுங்கி மாண்டார்கள். 2008-ம் வருஷம் மே 12-ந் தேதி சீனாவின் ஸிச்சுவான் மாகாணத்தில் நடந்ததும் அதுவே. சீன சர்க்கார் ஒப்புக்கொண்ட கணக்கின்படியே 5,000-க்கு மேற்பட்ட மாணாக்கர் இறந்தனர். பக்கத்துக் கட்டடங்கள் நிற்கப் பள்ளிக்கூடம் மட்டும் விழுந்த ஊர்களில், பெற்றோர்கள் இடிபாட்டின்மேல் நின்றுகொண்டு சிமெண்டு எங்கே, இரும்பு எங்கே என்று கேட்டார்கள். அக்கேள்வி அதிகாரிகளுக்கு உவப்பாயிருக்கவில்லை. அதைக் கேட்டவர்களில் சிலர் தண்டனையும் அடைந்தார்கள். மாணவனுக்கு ஆடும் மேஜையைக் கொடுப்பது பௌதிகப் பாடத்தோடு நிற்கும் காரியமன்று என்பதை அரசியலில் ஈடுபட்ட நமது நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுமா? சுவர் ஏன் விழுந்தது என்று அறிந்த பிரஜையிடம் ‘விதி’ என்று சொல்லித் தப்புவது கடினம்.

விதி என்று விட்டுவிடாத ஜனங்கள் என்ன செய்தார்கள் என்பதற்குக் கலிபோர்னியா ஓர் உதாரணம். 1933-ம் வருஷம் மார்ச்சு 10-ந் தேதி மாலை ஆறு மணிக்குச் சற்று முன் லாங் பீச் பட்டணத்தில் பூகம்பம் நேர்ந்தது. 70 பள்ளிகள் அடியோடு அழிந்தன. இன்னும் 120 பள்ளிகள் பெருஞ்சேதம் அடைந்தன. மூன்று நான்கு மணி நேரம் முந்தியிருந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் மாண்டிருப்பார்கள் என்று உணர்ந்த ஜனங்கள் சும்மாயிருக்கவில்லை. சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 10-ந் தேதி, பள்ளிக் கட்டடங்களின் வரைபடத்தையும் வேலையையும் சர்க்கார் நிபுணர்களே பரிசோதிக்க வேண்டும் என்ற சட்டம் அமுலுக்கு வந்தது. ஒரே மாதத்தில் ஒரு சட்டம்! நமது சட்டசபைகளின் நடைமுறையை அறிந்தவர்கள் இதைச் சற்று நின்று வாசிப்பார்கள்.

பாரத நாட்டிலும் இவ்வறிவு இல்லாமலில்லை. 1931-ம் வருஷத்தில் பலூசிஸ்தானத்தில் மாச் என்னுமிடத்தில் நேர்ந்த பூகம்பத்தைப் பார்த்த எஸ். எல். குமார் என்ற இளம் ரயில்வே என்ஜினீயர், கட்டடத்தைப் பக்கவாட்டுத் தள்ளலுக்கும் கணக்கிட்டுக் குவெட்டாவில் ரயில்வே குடியிருப்புக்களை நிர்மாணித்தார். 1935-ம் வருஷம் மே 31-ந் தேதி விடியுமுன் குவெட்டா நகரம் தரைமட்டமாயிற்று. குறைந்தது 30,000 பேர் மாண்டனர். குமார் கட்டிய வீடுகள் பெரிய சேதமின்றி நின்றன. இந்தப் பெயர் நமது பாட புத்தகங்களில் எத்தனைப் பக்கங்களில் வருகிறது? ஆங்கிலேயப் பிரபுக்களின் பெயரை வரிசையாய் ஒப்பிக்கப் பழக்கப்பட்ட தலைமுறையில் வளர்ந்தோர் இதற்கு விடை சொல்லட்டும்.

படிப்பில்லாதவர் என்று நாம் கருதும் ஜனங்களின் கைகளிலும் இந்த வித்தை இருந்திருக்கிறது. காஷ்மீரத்தில் மரச்சட்டங்களைக் குறுக்கும் மறுக்குமாய்ப் பூட்டி இடையிடையே கல்லும் மண்ணும் அடைத்துச் சுவர் எழுப்புவார்கள். 2005-ல் பல இடங்களில் அவ்வீடுகள் நிற்க, புதிய மோஸ்தரில் கட்டிய வீடுகள் வீழ்ந்தன. கச்சு நாட்டில் ‘பூங்கா’ என்னும் வட்டக் குடிசைகள் உண்டு. மூலையே இல்லாத சுவருக்கு மூலை பிளப்பதெங்ஙனம்? 1897-ம் வருஷம் ஜூன் 12-ந் தேதி அஸ்ஸாமை அழித்த பெரும் பூகம்பத்தில் ஷில்லாங்கின் கற்கட்டடங்கள் பொடியாயின. அதன் பிறகு அங்கே பரவியது மரச்சட்டத்தில் நாணற் பாயைப் பொருத்தி மண் பூசிய இலேசான வீடு. மாணவன் ஈர்க்கினால் சட்டம் கட்டி, அதற்குக் குறுக்கே ஒரு கோல் கொடுத்தால் சதுரம் சாயாமல் நிற்கிறது என்று காணும்பொழுது, காஷ்மீரத்துத் தச்சன் தலைமுறை தலைமுறையாய் அறிந்திருந்ததையே காண்கிறான்.

பழையதெல்லாம் பொன் என்று நாம் சொல்லவில்லை. அவ்விதம் சொல்லுகிற கூட்டம் ஒன்று நாட்டில் இருக்கிறது. அதற்கு மறுமொழி கில்லாரி கிராமத்தில் கிடைக்கும். 1993-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி விடியற்காலத்துக்கு முன், மராட்டிய நாட்டில் லாத்தூர், உஸ்மானாபாத் ஜில்லாக்களில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். பூகம்பம் அவ்வளவு பெரியதன்று. வீடுகள் பரம்பரை வீடுகள்தாம். உருட்டுக் கற்களைச் சேற்றில் புதைத்து இரண்டு முழ கனத்துக்குச் சுவர். வெயிலுக்கு அடக்கமென்று கூரைமேல் மண்ணை வருஷா வருஷம் ஏற்றிக் கனமாக்கியிருந்தார்கள். சுவரின் உட்புறக் கல்லையும் வெளிப்புறக் கல்லையும் இணைக்கும் நீளக் கல் கிடையாது. ஆட்டத்தில் சுவர் நெடுக்காக இரண்டாய்ப் பிளந்தது. மண் கூரை உறங்கியவர்கள்மேல் வந்து அமர்ந்தது. மேஜையின்மேல் இதையும் காட்டலாம். ஒரே மாதிரியான இரண்டு ஈர்க்கு வீடுகளில் ஒன்றுக்கு அட்டைக் கூரையும் மற்றொன்றுக்குக் களிமண் தட்டும் வைத்து ஆட்டினால், கனம் பலமென்ற நம்பிக்கை ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

புதியதிலும் குற்றம் குறைவில்லை. 2001-ம் வருஷம் குடியரசு தினத்தன்று காலை 8 மணி 46 நிமிஷத்துக்குக் கச்சில் பூமி அதிர்ந்தது. அஞ்சாரில் கொடியேந்தி ஊர்வலம் போன பள்ளிக் குழந்தைகள் குறுகிய தெருவில் இருபுறத்து வீடுகளும் சரிந்து புதையுண்டனர். இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆமதாபாத்தில் புத்தம் புதிய அடுக்குமாடி வீடுகள் விழுந்தன. மேல் மாடிகளிலெல்லாம் சுவர். கீழ்த்தளத்தில் மோட்டார் வண்டி நிறுத்துவதற்காக வெறுந்தூண்கள். நான்கு பென்சில்களின்மேல் ஒரு செருப்புப் பெட்டியை நிறுத்தி ஆட்டினால் என்ன ஆகுமோ அதுவே ஆயிற்று. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இன்று எந்தத் தெருவில் திரும்பினாலும் இந்தப் பென்சில் வீடுகளைக் காணலாம்.

தூணுக்குள் இருக்கும் கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பானை கீழே விழுந்தால் நொறுங்கும்; கூடை விழுந்தால் நசுங்கும். மனிதன் தப்பிப்பதற்குக் கூடையைப் போன்ற வீடு வேண்டும். சிமெண்டுத் தூணைப் பானையாக்குவதும் கூடையாக்குவதும் நெடுங்கம்பிகளைச் சுற்றி நெருக்கமாய்க் கட்டும் வளையங்கள். வளையத்தின் முனையை 135 பாகை மடித்து உட்புறமாகச் செருக வேண்டுமென்று இந்திய விதி கூறுகிறது. 90 பாகையோடு விட்டால் ஆட்டத்தில் அது விரிந்துகொள்ளும். அதிகச் செலவில்லை, கம்பி கட்டுகிறவருக்கு இன்னும் ஒரு மடிப்பு, அவ்வளவே. நெடுக நிறுத்திய ஈர்க்குக் கட்டு ஒன்றை நூலால் நெருக்கியும், மற்றொன்றை அகலவிட்டும் சுற்றி, இரண்டையும் மேலிருந்து அழுத்திப் பார்க்கும் மாணவி, நாளைத் தன் வீடு எழும்புகையில் மேஸ்திரியிடம் அந்த மடிப்பைக் கேட்பாள். விதிப் புத்தகம் 1962 முதல் நம்மிடம் இருக்கிறது. அதைக் கேட்பதற்கு ஆள்தான் இல்லை.

பரிசோதனையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதை உபாத்தியாயர் மறைக்கக் கூடாது. சிறிய வீடு நின்றதனால் அதே மாதிரி பெரிய வீடும் நிற்குமென்று கொள்ளலாகாது. நீள அகல உயரங்களைப் பத்தில் ஒரு பங்காக்கினால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிறது. தாங்கும் தூணின் குறுக்குப் பரப்போ நூற்றில் ஒன்றுதான் ஆகிறது. ஆகவே பொம்மை வீடு தன் எடைக்கு மிஞ்சிய பலமுள்ளது. எறும்பு தன்னைவிடப் பெரிய அரிசியைத் தூக்குவதும் இக்காரணம் பற்றியே. இதனால் ஒவ்வொரு மாடியிலும் களிமண்ணோ காசோ ஏற்றிக் கனமாக்கி ஆட்ட வேண்டும். உண்மை அளவிலேயே பார்க்கத்தான் ஜப்பானியர் 1995-ம் வருஷத்துக் கோபே பூகம்பத்துக்குப் பின், மிக்கி என்ற ஊரில் 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமுமுள்ள மேஜையை 2005-ல் அமைத்தார்கள். 1,200 டன் எடையுள்ள கட்டடத்தை அதன்மேல் ஏற்றி ஆட்டலாம். நமது ரூர்க்கியில் 1960-ல் ஜெய் கிருஷ்ணா முதலியோர் பூகம்பப் பொறியியலுக்கென்று ஒரு பயிற்சிக் கூடம் தொடங்கினார்கள். அங்கே ஆனந்த் ஸ்வரூப் ஆர்யாவும் அவருடைய சகாக்களும் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்கள்? தண்டவாளத்தின்மேல் ஒரு ரயில் வண்டித் தட்டை நிறுத்தி, அதன்மேல் செங்கல் வீடு கட்டி, மற்றொரு வண்டியால் மோதிப் பார்த்தார்கள். கோலிக் குண்டுப் பலகைக்கும் அந்த ரயில் தட்டுக்கும் ஜாதி ஒன்றே என்று நமது சிறுவர்கள் அறிவது நல்லது.

நடத்தும் முறையில் இரண்டொன்று சொல்ல விரும்புகிறோம். ஒரு முறைக்கு ஒரு மாற்றந்தான் செய்ய வேண்டும். இரண்டை மாற்றிவிட்டால் எதனால் நின்றதென்று பிரம்மாவும் சொல்ல முடியாது. வீட்டை இடியும்வரை ஆட்ட வேண்டும். பாதியில் நிறுத்திக் கைதட்டுவது கண்காட்சிக்கு ஏற்கும், விஞ்ஞானத்துக்கு ஏற்காது. முதலில் எது விட்டது, எந்த மூலை, எத்தனையாவது ஆட்டத்தில் என்பதை மாணவன் தன் தாய்மொழியில் எழுத வேண்டும். தமிழில் விஞ்ஞானம் எழுத வார்த்தை இல்லையென்று இன்னமும் முணுமுணுப்பவர்கள், உத்தரம், நிலை, கடைக்கால், மட்டம், பிளாச்சு, முடிச்சு என்று கொத்தனார் வாயில் புழங்கும் சொற்களையாவது ஒரு நாள் எண்ணிப் பார்க்கட்டும்.

‘தமிழ் நாட்டில் பூகம்பம் ஏது?’ என்று கேட்பவர் உண்டு. 1900-ம் வருஷம் பிப்ரவரி 8-ந் தேதி கோயம்புத்தூரில் பிறந்த அதிர்ச்சி தென்னாடு முழுவதும் உணரப்பட்டது. 2001-ம் வருஷம் செப்டம்பர் 25-ந் தேதி புதுச்சேரிக்கு அப்பால் கடலில் நேர்ந்த அதிர்ச்சியில் சென்னை ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் திருத்தி வெளியிடப்பட்ட விதியில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. இவையெல்லாம் அற்பமென்றே வைத்துக்கொள்வோம். 2014-ம் வருஷம் ஜூன் 28-ந் தேதி சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்களே, எந்தப் பூகம்பம் வந்தது? 2021-ம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்களே, பூமி ஆடிற்றா? அதற்குப் பிறகுதான் மாகாணமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கத் தொடங்கினார்கள்.

ஆகவே நமது யோசனை இது. எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் வருஷத்துக்குப் பத்து மணி நேரம் இதற்கென்று ஒதுக்கட்டும். அந்தப் பத்து மணியின் கடைசி இரண்டு மணியில் மேஜையை ஓரத்தில் வைத்துவிட்டு, மாணாக்கர் அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமுமாகத் தங்கள் பள்ளியையே சுற்றி வரட்டும். எந்தச் சுவரில் விரிசல், எந்த மூலையில் பிளவு, நிலைக்கு மேல் பட்டை இருக்கிறதா, கூரைத் தண்ணீர்த் தொட்டி எதன்மேல் நிற்கிறது, ஆபத்தில் வெளியேறும் கதவு உட்புறம் திறக்கிறதா வெளிப்புறம் திறக்கிறதா என்பவற்றைக் குறித்து, தலைமை உபாத்தியாயர் கையொப்பத்துடன் பொதுமராமத்து இலாகாவுக்கு ஒரு பிரதியும், ஊராட்சி அல்லது நகரசபைக்கு ஒரு பிரதியும் அனுப்பட்டும். பெற்றோர் கூட்டத்தில் மூன்றாவது பிரதி வாசிக்கப்படட்டும். இதற்குச் சட்டசபையின் அனுமதி தேவையில்லை. தலைமை உபாத்தியாயர் ஒருவர் துணிந்தால் வருகிற பருவத்திலேயே ஆரம்பிக்கலாம். ஆங்காங்குள்ள தொண்டர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பலகையும் கோலிக் குண்டும் வாங்கிக் கொடுக்கட்டும். அனுப்பிய பிரதிக்கு இலாகாவிலிருந்து பதில் வந்ததா என்று மாதம் ஒரு முறை போய்க் கேட்கட்டும்.